ஆடி கழியட்டும்

எங்கள் நைட்டி கம்பெனியில் எட்டு லோடு வேன்கள் ஓடுகின்றன. டிரைவர்களுக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும் என்று முதலாளி ராஜாராமிடம் பேசும் தைரியம் ஹம்சவேணிக்குத்தான் இருந்தது. அவருடைய அண்ணன் மகள். ஆபீசில் என் பக்கத்து மேசை.

சித்தப்பாவை அவளுக்கு நன்றாகத் தெரியும். செலவு என்றால் முகம் சுளிப்பார், மிச்சம் என்றால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவார். அதனால் அறிக்கை முழுக்க டீசல், டயர், இன்ஷூரன்ஸ் என்றே எழுதினாள். கடைசிப் பக்கத்தில் மட்டும், ஆடிக் காற்றில் உயரமாக அடுக்கிய வேன் கவிழ்ந்தால் டிரைவர் என்ன ஆவான் என்று இருந்தது. பயிற்சியில் முதல் பாடமே அதுதான். ஆனால் கொடுக்கப் போனது வெள்ளிக்கிழமை, சாமி படத்துக்குச் சாம்பிராணி காட்டிய நேரம். அபசகுனமாகப் பேசுவானேன் என்று அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டாள். இதற்குத்தான் எம்.பி.ஏ. படித்தாள் போலிருக்கிறது!

ராஜாராம் படித்துப் பூரித்துப்போனார். "இம்புட்டு டீசல் மிச்சமாகுமா? செஞ்சிருவோம்மா. ஆடி கழியட்டும். ஆடியில புதுசா எதையும் தொடங்க வேணாம்."

டீசல் மிச்சம் மூன்று வாரம் காத்திருந்தால் குடியா முழுகிவிடும்? அவளும் தலையாட்டிவிட்டு வந்தாள்.

வாசலில் லோடு ஏற்றிக்கொண்டிருந்த டிரைவர் விருமாண்டி, "பயிற்சிக்கு எம் பேரை மொதல்ல போட்டுக்கங்கம்மா," என்றார். "நானாத்தான் ஓட்டிப் பழகுனேன். ஒருத்தரும் சொல்லித் தரல."

"ஆவணியில தொடங்குறோம்ணே."

ஆடித் தள்ளுபடி வந்தால் எங்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. இரண்டு நடைச் சரக்கை ஒரே நடையில் ஏற்றுவோம், கூரைக்கு மேலும் மூட்டைகள் நிற்கும். மறுவாரம் வாடிப்பட்டிப் பக்கம் பாலத்தில் ஏறியபோது, குறுக்கே அடித்த காற்று விருமாண்டியின் வேனைச் சாய்த்துவிட்டது. வலது கால் அடியில் மாட்டிக்கொண்டது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் ராஜாராம் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். "ஆளுக்கு ஆபத்துன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னைக்கே தொடங்கியிருப்பேனேம்மா. நீ டீசலைத்தானே சொன்ன!"

அது நிஜமா, எனக்குத் தெரியாது. ஹம்சவேணி நம்பிவிட்டாள். அதுதான் கொடுமை. அன்றிலிருந்து அவள் சரியாகச் சாப்பிட்டு நான் பார்க்கவில்லை.

ஆவணியில் வகுப்பு தொடங்கியது. ஆயுத பூசை முடிந்து அடுத்த அணிக்கு வகுப்பு நடந்த அன்று, விருமாண்டி கட்டைகளை ஊன்றிக்கொண்டு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். எங்கே பார்ப்பது என்று எங்களுக்குத் தெரியவில்லை.

"நீங்க எதுக்குண்ணே..." என்று எழுந்தாள் ஹம்சவேணி.

"பேரு குடுத்தேன்ல தாயி. என்னதான் சொல்றாங்கன்னு கேட்டுட்டுப் போறேன்."

பயிற்சி கொடுப்பவர் பலகையில் முதல் பாடத்தை எழுதினார்: 'காற்றும் உயரமான லோடும்'.

விருமாண்டி அதை எழுத்துக்கூட்டி வாசித்தார். பிறகு கோபமே இல்லாமல் அவள் பக்கம் திரும்பினார்.

"இது உங்களுக்கு அப்பவே தெரியுமாம்மா?"

"தெரியும்ணே," என்றாள் ஹம்சவேணி.