இரண்டாவது ஆள்

மொட்டைமாடியில் லிஃப்ட் இயந்திர அறையின் தகரக் கூரை தகித்துக்கொண்டிருந்தது. உள்ளே மெக்கானிக் கட்டுப்பாட்டுப் பெட்டியின் முன்னால் குந்தியிருந்தான். டார்ச்சைப் பல்லிடுக்கில் கவ்வியிருந்ததால் எச்சில் தாடையில் வழிந்தது. துடைக்கக் கை காலியில்லை. ஒரு கையில் சோதனை விளக்கு, இன்னொரு கையில் இரண்டு முனையிலும் கிளிப் வைத்த கறுப்பு ஒயர்.

எட்டு மாடிக் கதவுகளிலும் கதவுக்கொரு மின்தொடுப்பு உண்டு. கதவை ஒழுங்காகச் சாத்தினால்தான் அது சேரும். எட்டும் சேர்ந்தால்தான் லிஃப்ட் நகரும். எந்தக் கதவு மக்கர் செய்கிறது என்று தெரிய வேண்டுமானால், சந்தேகப்பட்ட கதவுக்குப் பதில் ஒயரை மாட்டி, அது சாத்தியிருப்பதாக லிஃப்டை ஏமாற்றிப் பார்க்க வேண்டும். கண்டுபிடித்ததும் ஒயரைக் கழற்றிவிட வேண்டும். கழற்ற மறந்தால் லிஃப்ட் ஏமாந்தபடியே இருக்கும். கதவு ஆவென்று திறந்து கிடந்தாலும் அதுபாட்டுக்கு ஓடும்.

அதற்காகத்தான் இந்தத் தொழிலில் இரண்டு ஆள். மேலே நிற்பவன் ஒயரைக் கழற்றியதும் கீழே இறங்கி வந்து அதை மற்றவன் உள்ளங்கையில் வைப்பான். வைத்த பிறகுதான் வேலை முடிந்ததாகக் கணக்கு. போன வருடம் கம்பெனி ஆள் குறைத்தபோது அவனுடைய கூட்டாளியை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். "நீ ஒருத்தனே ரெண்டு ஆளுக்குச் சமம்ப்பா" என்று சூப்பர்வைசர் முதுகில் தட்டினார். அந்தத் தட்டில் அவனுக்குக் கொஞ்சம் மனம் குளிர்ந்துபோனதும் உண்மை.

பிறகு அவனாக ஒரு வழி கண்டுபிடித்தான். ஒயர் வேலையில் இல்லாதபோது அவன் கழுத்தில் கிடக்கும். கழுத்து வெறுமையாக இருந்தால் பெட்டியை மூடக்கூடாது. சில நாள் மறந்து அதோடேயே வீட்டுக்கும் வந்துவிடுவான். "என்னைக் கட்டிக்கிட்டதவிட அதைத்தான் கெட்டியாக் கட்டிக்கிட்டிருக்கீங்க" என்பாள் மனைவி.

இது அவர்கள் குடியிருக்கும் கட்டடம். ஏழாம் மாடியில் ஒன்றரை அறை, பால்கனியில் அவள் பெயிண்ட் டப்பாக்களில் வளர்க்கும் செடிகள், சுவரெல்லாம் மகள் கிறுக்கிய லிஃப்ட் படங்கள். ஐந்து வாரமாக லிஃப்ட் படுத்துக் கிடந்தது. மனைவி மருந்துக்கடையில் பில் போடுகிறவள். குடியிருப்போர் சங்கத்துக்குச் செயலாளர். எட்டாம் மாடி டீச்சருக்கு ஒரு காய்ச்சலுக்குப் பிறகு கால் வரவில்லை. சக்கர நாற்காலியில் ஐந்து வாரமாக வாசலைப் பார்க்காமல் கிடந்தார். மனைவி கைக்குழந்தைக்காரிகளைத் திரட்டிப்போய்க் கட்டடக்காரர் அலுவலகப் படியில் உட்கார்ந்தாள். கட்டடக்காரர் லிஃப்ட் கம்பெனியை விரட்டினார். கம்பெனி சிரித்துக்கொண்டே அவனை அனுப்பியது. பொண்டாட்டி போட்ட போராட்டத்துக்குப் புருஷனே பரிகாரம் செய்யட்டும் என்று சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் சொன்னார்.

அன்று மாலை முற்றத்தில் குடியிருப்போர் கூட்டம். டீச்சர் கீழே வந்து பேசப்போகிறார். மனைவி மதியத்திலிருந்து மூன்று தடவை போன் செய்துவிட்டாள். நடுவில் சூப்பர்வைசரும் கூப்பிட்டார். வேறொரு கட்டடத்தில் காத்திருக்கிறார்களாம், விடிந்ததும் அங்கே போக வேண்டுமாம், இதை இன்றே முடிக்க வேண்டுமாம்.

மக்கர் செய்தது ஒன்றல்ல, இரண்டு கதவுகள். நாலாம் மாடி, ஏழாம் மாடி. கழுத்து ஒயரை நாலாவதுக்கு மாட்டியாயிற்று. பையைத் துழாவினால் இன்னொன்று இல்லை. மூலையில் கிடந்த சிவப்பு ஒயரில் ஒரு சாண் நீளம் வெட்டி, முனைகளைச் சீவி, சீவிய தோலைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, ஏழாவதுக்குச் செருகினான். லிஃப்ட் அசைந்தது. இறங்கிப்போய் நாலாம் மாடித் தொடுப்பைத் தேய்த்துச் சரிசெய்தான், ஏழாம் மாடியில் வளைந்த தகட்டை நிமிர்த்தினான். திரும்ப ஏறி வந்தபோது போன் நாலாவது தடவையாக அடித்துக்கொண்டிருந்தது. ஒயரைக் கழற்றிக் கழுத்தில் போட்டான். கழுத்தில் வழக்கமான கனம் விழுந்தது. பெட்டியை மூடினான்.

மேலும் கீழும் இரண்டு தரம் ஓட்டிப் பார்த்தான். வெண்ணெயாக ஓடியது.

வாரத்தில் ஒரு மாலை அவன் பிரார்த்தனைக் கூடத்தில் பாடுவான். பிரமாதமான குரல் என்று யாரும் சொன்னதில்லை. ஆனால் கூட்டுப்பாட்டில் அடிக்குரல் வேண்டும். அது அவனிடம் இருந்தது. நாள் முழுக்க இருட்டுக் குழியைப் பார்த்துக் கத்துகிறவனுக்கு அங்கே நாற்பது பேரோடு சேர்ந்து வாயைத் திறப்பது ஒரு நிம்மதி. அன்று அந்த மாலை. செருப்பை வாசலில் விட்டு, போனை அணைத்துத் தட்டில் வைத்துவிட்டு உள்ளே போனான். கூட்டம் தொடங்குவதற்குள் வந்துவிடுவதாக மனைவியிடம் சொல்லியிருந்தான்.

இரண்டாவது பாட்டில் நெற்றி வியர்த்தது. கைக்குட்டைக்காகச் சட்டைப்பைக்குள் விரலை விட்டான். கைக்குட்டையோடு ஏதோ வந்து மடியில் விழுந்தது. சீவியெடுத்த ஒயரின் தோல், சின்னச் சிவப்புக் குழாயாக. பாடிக்கொண்டே அதைப் பார்த்தான். கழுத்தைத் தொட்டுப் பார்த்தான். அங்கே கிடந்தது கறுப்பு.

பக்கத்தில் பாடியவர் திரும்பிப் பார்ப்பதற்குள் அவன் வரிசையைத் தாண்டி வெளியே வந்துவிட்டான்.

போனுக்கு உயிர் வர ஒரு யுகம் பிடித்தது. மனைவிக்கு அடித்தான். அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. ஓடிக்கொண்டே மறுபடி அடித்தான். டீச்சரை அழைத்து வரப் போவது மகள்தான் என்று காலையில் பேசியது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பட்டனை நான்தான் அழுத்துவேன் என்று அடம்பிடித்து வாக்கு வாங்கியிருந்தாள். செருப்பு போடாதது தெருமுனையில் கல் குத்தியபோதுதான் தெரிந்தது.

முற்றத்தில் நாற்காலிகள் நிறைந்திருந்தன. மனைவி ஒலிபெருக்கியைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் வந்த கோலத்தைப் பார்த்து அவள் கை நின்றது.

"குட்டி எங்க?"

"டீச்சரக் கூட்டிட்டு வரப் போயிருக்கா. இதோ இறங்கிட்டிருக்காங்க. என்னங்க ஆச்சு?"

அவன் படிக்கட்டுக்கு ஓடினான். மாடிப்படிக்கு அடியிலிருந்த மெயின் சுவிட்சை இரண்டு கையாலும் பிடித்துக் கீழே இழுத்தான். லிஃப்ட் குழியின் விளக்கு அணைந்தது. எங்கோ மேலே மகள் வீலென்று கத்தினாள். அந்தச் சத்தம் கேட்டதே அவனுக்குப் போதும், உயிரோடு இருக்கிறாள்.

படிகளை இரண்டிரண்டாகத் தாவினான். ஐந்தாம் மாடிக்கும் நாலாவதுக்கும் நடுவில் லிஃப்ட் தொங்கிக்கொண்டிருந்தது. "அங்கேயே அசையாம நில்லு, அப்பா வரேன்" என்று இடுக்கு வழியாகச் சொல்லிவிட்டு மேலே ஓடினான். ஏழாம் மாடியில் கதவு முழுக்கத் திறந்திருந்தது. மகள் டீச்சரைக் கூப்பிட எட்டாவதுக்குப் போக லிஃப்டில் ஏறியபோது அதை இழுத்துச் சாத்தவில்லை. மற்ற நாளாக இருந்தால் லிஃப்ட் நகர்ந்திருக்காது. திரும்பி வந்து சாத்தியிருப்பாள். இன்று நகர்ந்துவிட்டது. திறந்த கதவுக்கு அப்பால் கம்பிவடங்களும் இருட்டும் மட்டும். இந்தப் பக்கம், இரண்டு எட்டு தள்ளி, பக்கத்து வீட்டின் நடைபழகும் குழந்தை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றது. ஒரு கையில் பாதி கடித்த பிஸ்கட். அவனைப் பார்த்து அடையாளம் தெரிந்து சிரித்தது. கையை நீட்டிக் குழியின் பக்கமாக ஓர் அடி வைத்தது.

அவன் அதை வாரியெடுத்த வேகத்தில் பிஸ்கட் நழுவிக் குழிக்குள் போயிற்று. அது கீழே விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை. குழந்தை பிஸ்கட்டுக்காக அழ ஆரம்பித்தது. அதன் அம்மா அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்து, என்ன அண்ணா, கீழே போட்டுவிட்டானா என்று சிரித்தபடி வாங்கிக்கொண்டாள். அவன் கதவைச் சாத்தி, சேர்ந்துவிட்டதா என்று இழுத்துப் பார்த்தான்.

மொட்டைமாடிக்கு ஏறிச் சிவப்பு ஒயரைப் பிடுங்கினான். சக்கரத்தைக் கையால் சுற்றி லிஃப்டை நாலாம் மாடிக்கு இறக்கினான். மகள் அழுது ஓய்ந்து டீச்சர் மடியில் உட்கார்ந்திருந்தாள். டீச்சர் அவள் முதுகைத் தடவிக்கொண்டே, நல்ல பிள்ளை, பயப்படவே இல்லை என்று பொய் சொன்னார். ஆட்கள் நாற்காலியோடு டீச்சரைத் தூக்கிப் படி வழியாக இறக்கி முற்றத்தில் வைத்தார்கள். எல்லாரும் கைதட்டினார்கள்.

மனைவி அவனைப் படிக்கட்டு மறைவுக்கு இழுத்துப் போனாள்.

"கரண்ட் கோளாறுன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். அதான?"

"ஒயரை உள்ள வச்சுட்டுப் பெட்டிய மூடிட்டேன்."

அவளுக்கு அந்த வாக்கியத்தின் அர்த்தம் முழுசாகத் தெரியும். கல்யாணமான நாளிலிருந்து சாப்பாட்டுக்கு நடுவே கேட்ட பேச்சு. ஏழாம் மாடியில் கண்டதை அவன் சொன்னபோது அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். நான் போன் மேல போன் போட்டதால்தானே என்றாள். அவன் கழுத்திலிருந்த கறுப்பு ஒயரை எடுத்துச் சுருட்டினான்.

"வேற யாருக்கும் தெரியுமா?" என்று கேட்டாள்.

"தெரியாது. சொல்லலைன்னா தெரியவும் தெரியாது."

"அப்ப விட்டுடுங்க. எடுத்தாச்சுல்ல."

"எடுத்தாச்சு." அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "ஊர்ல எத்தன கட்டடம் இருக்கு. எல்லாத்துலயும் எங்காளு ஒத்தையாத்தான் மேல நிக்கிறான். எனக்குப் பைக்குள்ள கை விட்டதால தெரிஞ்சுது. அவனுக்கு எப்படித் தெரியும்?"

அவளுக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியாத கோபம். மூக்கைச் சிந்தி, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நான் சொல்லட்டுமா, நீங்க சொல்றீங்களா?" என்றாள்.

அவளே சொன்னாள். ஒலிபெருக்கியில், நடுங்காத குரலில். ஏழாம் மாடியில் குழந்தை குழியின் பக்கத்தில் நின்றதையும், ஒயரை மறந்தது தன் கணவர்தான் என்பதையும் சொன்னாள். கம்பெனி இரண்டாவது ஆளை நீக்கியதால் இது நடந்தது, இரண்டு ஆள் வராமல் இனி இந்த லிஃப்டில் யாரும் கை வைக்க விடக்கூடாது என்றாள். பக்கத்து வீட்டுக்காரி குழந்தையை இறுக்கிக்கொண்டு எழுந்து உள்ளே போய்விட்டாள். டீச்சர்தான் முதலில் கை தூக்கினார். பிறகு ஒவ்வொன்றாகக் கைகள் உயர்ந்தன. தீர்மானம் கம்பெனிக்குப் போயிற்று.

கம்பெனி அவனைக் கூப்பிட்டு நாற்காலி போட்டு உட்கார வைத்தது. அதுவரை அந்த அறையில் யாரும் அவனை உட்காரச் சொன்னதில்லை. சூப்பர்வைசர் அவன் கண்ணைப் பார்க்காமல் பேசினார்.

"ரெண்டு பேரு போகணும்னு கம்பெனி விதி தெளிவா இருக்குப்பா. இன்னிக்கும் இருக்கு. நீ ஏன் தனியா போன?"

"நீங்கதானே சார் அனுப்புனீங்க."

"நான் வேலைக்குப் போன்னு சொன்னேன். தனியாப் போன்னு சொன்னனா?"

அவன் யோசித்துப் பார்த்தான். அந்த வார்த்தையை அவர் ஒரு நாளும் சொன்னதில்லைதான். சட்டையையும் பையையும் ஒப்படைத்துவிட்டு நடந்தே வீட்டுக்கு வந்தான்.

விசாரணை என்று லிஃப்டைப் பூட்டிவிட்டார்கள். டீச்சர் மறுபடி எட்டாம் மாடியில் அடைந்தார். படியில் ஏறுகிறவர்கள் ஏழாம் மாடி வந்ததும் பேச்சைத் தணித்துக்கொண்டார்கள். சிலர் அவன் கையைப் பிடித்து, உண்மையைச் சொன்னீங்களே என்றார்கள். சிலருக்கு அவனைக் கண்டால் அவசர வேலை வந்துவிட்டது. மனைவி கடையில் கூடுதல் நேரம் நின்றாள். பாட்டுக்குப் போங்களேன் என்று அவள் சொன்னபோது தொண்டை சரியில்லை என்றான். வேலை கேட்டுப் போன இடமெல்லாம் சேதி அவனுக்கு முன்னாலேயே போய் உட்கார்ந்திருந்தது.

ஒரு காலையில் கதவு தட்டும் சத்தம். திறந்தால், கம்பெனிச் சட்டையில் ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவர், ஏழு மாடி ஏறிய மூச்சிரைப்பில் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். தோளில் பை. வேறு ஊர்க் கிளையிலிருந்து மாற்றி அனுப்பியிருக்கிறார்களாம். மனைவி தண்ணீர் கொடுத்தாள். குடித்து முடித்து, சொம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் விஷயத்துக்கு வந்தார்.

"லிஃப்டத் தொறக்கச் சொல்லிட்டாங்க தம்பி. ஏழாம் மாடிக் கதவுக்கிட்ட ஒரு ஆள் நிக்கணும். என்கூட ஆள் யாரும் வரல."

"தீர்மானம் போட்டு அனுப்புனோமே" என்றாள் மனைவி.

"அதெல்லாம் எனக்குத் தெரியாதும்மா. அந்தக் கட்டடத்துலயே வேல தெரிஞ்சவர் ஒருத்தர் சும்மாதான் இருக்கார், கேட்டா வருவாருன்னு சூப்பர்வைசர்தான் சொல்லி விட்டாரு." அவர் தயங்கினார். "நீங்க நின்னத வெளிய சொல்ல வேணாம்னும் சொன்னாரு."

மனைவியின் முகம் சிவந்தது. திருப்பி அனுப்புங்க என்று கண்ணாலேயே சொன்னாள். அவனுக்கும் கதவைச் சாத்திவிடலாம் போலத்தான் இருந்தது. ஆனால் சாத்தினால் இந்த மனிதர் தனியாக மேலே போவார். பக்கத்து வீட்டுக்குள் குழந்தை தட்டை உருட்டும் சத்தம் கேட்டது.

வீட்டு பனியனோடு வெளியே வந்து, லிஃப்ட் கதவைத் திறந்து, திறந்த வாசலை மறித்துக் காலை ஊன்றி நின்றுகொண்டான். மனைவி மகளைக் கையில் பிடித்தபடி நிலைக்கு உள்ளேயே நின்றாள். பெரியவர் மொட்டைமாடிக்கு ஏறினார். சிறிது நேரத்தில் மேலிருந்து குழி வழியாக அவர் குரல் இறங்கி வந்தது.

"தம்பி, இருக்கீங்களா? நான் சொல்றவரைக்கும் எங்கயும் போயிடாதீங்க."

"எங்கண்ணே போறது?" என்றான் அவன். "இருக்கேன். நீங்க பாருங்க."