ஒரு சிப்புக்கு ஒரு பேர்

மாரிசெல்விக்கு அன்று கால் ஒரு இடத்தில் நிற்கவில்லை. மற்ற நாளாக இருந்தால், நைட் ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸை விட்டு மண்ணூரில் இறங்கினவள் பல்லைக்கூடத் துலக்காமல் பாயில் விழுந்திருப்பாள். அன்று ரூமுக்குள் நுழைந்ததுமே கம்ப்யூட்டரைக் கழற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். மறுநாள் ஞாயிறு, நெல்லையப்பன் அண்ணாச்சி கடையில் போட்டி முடிவு சொல்கிற நாள். கடைப் பலகையில் முதல் பேர் அவளுடையது. அப்படி இருக்கும்போது எவளுக்குத் தூக்கம் வரும், நீங்களே சொல்லுங்கள்.

போட்டி இதுதான். கம்ப்யூட்டருக்குள் இருக்கிற சிப்பைச் செய்தவன், இவ்வளவு வேகம்தான் ஓடும் என்று ஓர் அளவு போட்டு விற்பான். அவன் சொன்னதைக் காதில் வாங்காமல், கரண்டை ஏற்றி, சூட்டை அடக்கி, அந்த அளவுக்கு மேலே ஓட்டிக் காட்ட வேண்டும். ஓவர்கிளாக்கிங் என்று பேர். ஒரகடத்தில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருந்த நெல்லையப்பன்தான் இந்தப் பைத்தியத்தை அந்தப் பக்கம் கொண்டுவந்து இறக்கியவர். ஃபேக்டரிப் பிள்ளைகள் வார லீவுக்குச் சினிமாவை விட்டுவிட்டு அவர் கடையில் வந்து கிடந்தார்கள். 2012ஆம் வருஷப் போட்டியில் முதல் இரண்டு இடத்தைப் பிடிக்கிறவர்களைப் பெங்களூருக்கு அழைத்துப்போவதாக அவர் சொல்லியிருந்தார். அங்கே நன்றாகச் செய்கிறவர்களை மதர்போர்டு கம்பெனிக்காரர்கள் டெஸ்டிங் வேலைக்கு எடுத்துக்கொள்வார்களாம்.

மாரிசெல்விக்கும் அவளோடு ரூமில் இருந்த பாண்டிச்செல்விக்கும் போன் கம்பெனியில் கான்ட்ராக்ட் முடியப்போகிற நேரம் அது. முடிந்தால் கோவில்பட்டிக்கு பஸ் ஏற வேண்டும். ஏறினால் கல்யாணம்தான், மறுபேச்சு கிடையாது. பலகையில் முதல் பேர் மாரிசெல்வி, இரண்டாவது பாண்டிச்செல்வி. இரண்டு பேரும் பெங்களூரில் எடுக்கப்போகிற ரூமுக்கு இப்போதே ஜன்னல் எந்தப் பக்கம் என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

புள்ளிக் கணக்கை வகுத்ததே மாரிசெல்விதான். முன்பெல்லாம் யார் சிப் அதிக வேகம் ஓடுகிறதோ அவருக்கு அதிகப் புள்ளி. புதுச் சிப் வாங்க வக்கிருந்தவன் சும்மா உட்கார்ந்தே ஜெயித்துக்கொண்டிருந்தான். மாரிசெல்வி அண்ணாச்சியோடு மல்லுக்கு நின்று அதை மாற்றினாள். விற்ற அளவிலிருந்து எத்தனை சதவீதம் ஏற்றினாயோ அதற்குத்தான் இனிமேல் புள்ளி. சென்னை ரிச்சி தெருவில் பழசாக வாங்கின சிப்பும் தலைதூக்க ஒரு வழி பிறந்தது. இன்னொரு விதியும் அவளுடையதே. மதர்போர்டு, ஃபேன் எல்லாம் இரவல் வாங்கலாம், சிப் மட்டும் அவரவருடையதாக இருக்க வேண்டும். ஒரு சிப்புக்கு ஒரு பேர். மீறினால் கொடுத்தவருக்கும் பூஜ்யம், வாங்கினவருக்கும் பூஜ்யம்.

அதில் முதலில் அடிபட்டவன் மணிமங்கலத்து எழிலரசன். அண்ணன் தம்பி மூன்று பேரும் ஒரே சிப்பை மாற்றி மாற்றி ஓட்டி முதல் மூன்று இடத்தையும் வளைத்துப் போட்டிருந்தார்கள். மாரிசெல்விக்குக் கம்பெனி லைனில் பொழுதன்னிக்கும் நம்பர் பார்க்கிற வேலை. ஓட்டினதற்குச் சாட்சியாக அவர்கள் அனுப்பின சிப் போட்டோக்களைப் பெரிதாக்கிப் பார்த்தாள், மூன்றிலும் சிப்பின் முதுகில் ஒரே நம்பர். எழிலரசன் கெஞ்சாத குறையாகக் கேட்டான்.

"ஒரே வூடு, ஒரே அடுப்பு சிஸ்டர். சிப்பு மட்டும் இன்னாத்துக்கு மூணு?"

"சோத்த ஒண்ணாத் தின்னுங்க. புள்ளிய ஒண்ணாத் திங்க முடியாது" என்றாள் மாரிசெல்வி.

கடையே சிரித்தது. மூன்று பேருக்கும் பூஜ்யம் போட்டார் அண்ணாச்சி. வாய் இருக்கிறது என்று பேசிவிட்டாள் மகராசி.

இப்போது சனிக்கிழமைக்கு வருவோம். ஜெயிக்கிறவர்கள் சிப்பைக் கையோடு கொண்டுவர வேண்டும் என்பது அண்ணாச்சியின் உத்தரவு. அதற்காகத்தான் மாரிசெல்வி ஃபேனைக் கழற்றி, சிப்பின் மேல் அப்பியிருந்த பசையைத் துணியால் துடைத்தாள். நம்பர் தெரிந்தது. அவளுடைய நம்பர் இல்லை. இன்னொரு தரம் துடைத்துப் பார்த்தாள். அது பாண்டிச்செல்வியின் சிப், இரண்டும் ஒரே ரகம்.

போன வாரம் முதலிடத்துக்கு ஓட்டினது இதை வைத்துத்தான். போட்டோ மட்டும் அவள் சிப்பினுடையது. ஃபேனைக் கழற்றிப் புதிதாக எடுக்கச் சோம்பல்பட்டுப் பழைய போட்டோவையே அனுப்பியிருந்தாள். ஊருக்கெல்லாம் விதி எழுதினவள் செய்த காரியம்!

மொட்டைமாடியில் துணி காயப்போட்டுவிட்டு வந்த பாண்டிச்செல்வி சிப்பைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். பிறகு சாதாரணமாகச் சொன்னாள்.

"ஒஞ்சிப்பு செத்துப்போச்சுட்டி. நீ ஷிஃப்டுல கெடக்கும்போது போட்டுப் பாத்தேன், உசுரே இல்ல. ஒன்னுத வளையல் டப்பாவுல போட்டுட்டு, சொன்னா அழுவியேன்னு நான் ஓட்டி முடிச்ச எஞ்சிப்ப மாட்டி வச்சேன். எஞ்செருப்ப நீ போட்டுட்டுப் போறதில்லையா? அது மாதிரிதான்."

அந்த ரூமில் அப்படித்தான். ஒரு சீப்பு, ஒரு பக்கெட், ஒரு நல்ல சுடிதார். முதலில் எழுந்தவள் எது கைக்குக் கிடைக்கிறதோ அதை மாட்டிக்கொண்டு பஸ்ஸைப் பிடிப்பாள். என்னது உன்னது என்ற பேச்சே அங்கே எழுந்ததில்லை. மாரிசெல்வி வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்தாள். பாண்டிச்செல்வி மூக்கைச் சிந்திக்கொண்டு ஒரே வார்த்தைதான் சொன்னாள். யாருக்குத் தெரியப்போகிறது?

அதுதான் மாரிசெல்வியைப் பிடுங்கித் தின்றது. யாருக்கும் தெரியாது. வளையல் டப்பாவில் கிடக்கிற செத்த சிப்பை எடுத்துக் காட்டினால் நம்பர் சரியாக இருக்கும், கதை முடிந்தது. உண்மையைச் சொன்னாலோ அவள் பேர் மட்டும் அழியாது, நியாயமாகத் தன் சிப்பில் ஓட்டின பாண்டியின் பேரும் சேர்ந்து அழியும். கொடுத்தவருக்கும் பூஜ்யம் என்று எழுதின கையை உடைத்துப் போட்டால் என்ன என்றிருந்தது. மாடிக்குப் போனாள், இறங்கினாள், டீ வாங்கிக் குடிக்காமல் ஆறவிட்டாள், படுத்தாள், எழுந்தாள். சோறு இறங்கவில்லை. எழிலரசனின் முகம் வேறு சும்மா சும்மா கண்முன்னால் வந்து நின்றது.

ஞாயிற்றுக்கிழமை பாண்டியிடம் சொல்லாமல் முன்னதாகக் கிளம்பிப் போனாள். கடை நிறைந்திருந்தது. பூஜ்யம் வாங்கின எழிலரசன்கூட வேடிக்கை பார்க்க வந்திருந்தான். அவள் நேரே அண்ணாச்சி முன்னால் போய் நின்றாள். வழியெல்லாம் மனசுக்குள் ஒரு பொய்யைச் சொல்லிப் பார்த்திருந்தாள்; களவென்றால் கொடுத்தவர் என்று யாரும் இல்லை, பாண்டி தப்பித்துவிடுவாள்.

"பாண்டி சிப்ப அவளுக்குத் தெரியாமக் களவாண்டு ஓட்டினேன் அண்ணாச்சி. எம்பேர அடிச்சிருங்க."

அண்ணாச்சி முகத்தில் ஈயாடவில்லை. அப்போது வாசலில் மூச்சிரைக்க ஒரு குரல் கேட்டது. பாண்டிச்செல்விதான்.

"பொய் சொல்லுதா. மாட்டி வச்சது நான். அவளுக்குத்தான் தெரியாது."

களவாணிப் பட்டத்தைத் தோழி சுமக்க, தான் பெங்களூர் போக அவளுக்கு மனசு வரவில்லை. பைத்தியக்காரி, ஒரு நிமிஷம் பேசாமல் இருந்திருக்கக் கூடாதா!

அண்ணாச்சி தலையைச் சொறிந்தார். ஒரே ரூம் பிள்ளைகள், வேண்டுமென்று செய்யவில்லை, பாண்டியையாவது விட்டுவிடலாமே என்று இழுத்தார். யாரும் மறுக்கவில்லை. மாரிசெல்விக்கு நெஞ்சுக்குள் சட்டென்று ஓர் ஆசை துள்ளியது. அதற்குள் எழிலரசன் பேசினான்.

"வுட்டுடுங்க அண்ணாச்சி. பாவம், ரெண்டும் ஒரே ரூம்ல கீதுங்க."

அதில் குத்தல் இல்லை. குத்தியிருந்தால் திருப்பிக் கொடுக்க அவளிடம் நூறு வார்த்தை இருந்தது. அவமானத்தில் காது சுட்டது. ரூம் ஒன்றென்றால் அவன் வீடும் ஒன்றுதான். அவன் புள்ளியைத் திருப்பிக் கொடுத்தால் முதல் மூன்று இடமும் அவன் வீட்டுக்குப் போய்விடும், பாண்டிக்கு அப்போதும் பெங்களூர் இல்லை. எந்தப் பக்கம் புரட்டினாலும் நியாயம் அதே இடத்தில்தான் வந்து நின்றது.

"ரூல் ரூல்தான் அண்ணாச்சி" என்று சொல்லிப் பலகைத் துணியை எடுத்தாள். தன் பேரை ஒரே இழுப்பில் அழித்தாள். அடுத்த பேரில் கையை வைத்தவளால் அசைக்க முடியவில்லை.

பாண்டிச்செல்வி வந்து துணியைப் பிடுங்கினாள்.

"குடு இங்க. எம்பேர நான் அழிச்சுக்கிடுதேன்."

அழித்தாள். மூன்றாவதாக இருந்த பலராமன் முதல் ஆளாகிவிட்டான். அவனுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

இரண்டு பேரும் வெளியே வந்தார்கள். மாரிசெல்வி வாசலில் கிடந்த செருப்புகளில் கிட்டக் கிடந்ததில் காலை நுழைத்தாள், எப்போதும் போல.

"அது என் செருப்பு" என்றாள் பாண்டிச்செல்வி.

மாரிசெல்வி அதைக் கழற்றி விட்டாள். தன்னுடையது எது என்று அவள் கொஞ்ச நேரம் தேட வேண்டியிருந்தது.