பிரியா மேடத்தின் கார்னர் மனை

துளசிங்கத்துக்கு எதையும் சின்னதாகச் சொல்லத் தெரியாது. திருநின்றவூரைத் தாண்டி, ரயில் சத்தம்கூட எட்டாத தூரத்தில், கருவேலங்காட்டை வெட்டிச் சமப்படுத்திய நிலத்துக்கு அவர் வைத்த பேர் ‘பாரிஸ் கார்டன்’. வாசலில் ஒரு சிமெண்டு வளைவு. அதன் மேல் வெள்ளையடித்த இரண்டு குதிரைகள். வளைவுக்கு அந்தப் பக்கம் போனால் வரிசையாக மஞ்சள் கற்கள், கற்களுக்கு நடுவே காய்ந்த புல், புல்லை மேய நாலு எருமை. பாரிஸுக்கும் அந்த எருமைகளுக்கும் என்ன சம்பந்தம் என்று இதுவரை எந்தக் கஸ்டமரும் கேட்டதில்லை. ‘ஸ்டேஷனிலிருந்து ஐந்தே நிமிடம்’ என்று நோட்டீஸில் இருக்கும். அந்த வேகத்தில் போய்ச் சேர ஒருத்தன் காக்காயாய்ப் பிறந்திருக்க வேண்டும்.

அந்த நோட்டீஸை டைப் அடித்தவள் ஷிபா. பூந்தமல்லியில் துளசிங்கத்தின் அலுவலகத்தில் முன்மேசையில் உட்கார்ந்து போன் பேசுவது அவள் வேலை. “சார், மெட்ரோ வருது, ரேட் ஏறுறதுக்குள்ள முடிச்சிடுங்க” என்று நாள் முழுக்க யாருக்காவது சொல்லிக்கொண்டிருப்பாள். மெட்ரோ வருகிறது என்பதைக் காட்டித்தான் அவள் வாடகைக்கு இருந்த வீட்டின் ஓனரும் வீட்டை இடித்துவிட்டு பிளாட் கட்டப் போவதாகவும், ரம்ஜானுக்குள் காலி செய்யும்படியும் சொல்லியிருந்தார். அவள் கணவன் ஜமீர் ஏசி மெக்கானிக். ஊரில் பாதிப்பேர் படுக்கையறைக்குள் போய் வருகிறவன். ஏசி ரிப்பேருக்கு “வா பாய், வா பாய்” என்று கூப்பிடுகிறவர்கள், வாடகைக்கு வீடு கேட்டுப் போனால், “சொந்தக்காரங்க வராங்க” என்று கதவைச் சாத்தினார்கள். ஊரில் காலியாக இருந்த அத்தனை வீடுகளுக்கும் ஒரே வாரத்தில் சொந்தக்காரர்கள் வந்துகொண்டிருந்தார்கள்.

வாடகையே வேண்டாம், தவணையில் ஒரு சின்ன மனை போடலாம் என்று ஷிபா ஒருநாள் துளசிங்கத்திடமே கேட்டுப் பார்த்தாள்.

“உனக்கு இல்லாததா? உங்க ஆளுங்களுக்குன்னே தனியா ஒரு லேஅவுட் போடப் போறேன்மா. அதுல உனக்குத்தான் மொத மனை” என்றார். அந்த லேஅவுட் அவர் வாயைத் தாண்டி வேறெங்கும் இருக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அவளை உள்ளே கூப்பிட்டார்.

“ஷிபாம்மா, நாளைக்கு நீ ஸ்டாஃப் கெடையாது. கஸ்டமர். வேன்ல ஜனங்களோட வர்ற, எடத்த பாக்கற, நான் மைக்ல பேசி முடிச்சதும் மொத ஆளா எழுந்து கார்னர் மனை எனக்குத்தான்ங்கற. ஒருத்தர் எழுந்தா போதும், பின்னாலேயே பத்து பேர் எழுந்துப்பாங்க. என் கார் டிரைவர் உதயகுமாருதான் உன் ஹஸ்பண்ட். பேரு பிரியா. ஒரு பொட்டு மட்டும் வச்சுக்கோ.”

“ஏன் சார், என் பேருக்கு இன்னா கொறச்சல்?”

“எனக்கு எல்லாரும் ஒண்ணுதான்மா.”

இப்படித் தொடங்குகிறவர்களின் அடுத்த வாக்கியம் ஷிபாவுக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்தே மனப்பாடம்.

“ஆனா கஸ்டமர் அப்பிடி இல்ல பாரு” என்று முடித்தார்.

முடியாது என்று சொல்லியிருக்கலாம். திங்கட்கிழமை அவள் நாற்காலியில் வேறொருத்தி உட்கார்ந்திருப்பாள். காலி செய்ய வேண்டிய வீட்டை வைத்துக்கொண்டு வேலையையும் காலி செய்ய அவளுக்குத் துணிவில்லை.

ஞாயிறு காலை பொட்டு வைத்துக்கொண்டு வேன் ஏறினாள். உதயகுமார் பின்சீட்டுக்குப் போய்விட, அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவள் பேர் யுவராணி. மண்ணூர்பேட்டையில் ஒரு கம்பெனியில் ஒயர் சுற்றும் வேலை. புருஷனுக்கு ஷிப்ட் என்பதால் தனியாக வந்திருந்தாள். ஆவடி தாண்டுவதற்குள் டிபன் பாக்ஸைத் திறந்து பாதி புளிசாதத்தை ஷிபாவின் கையில் வைத்துவிட்டாள்.

“சாப்டுக்கா. இவனுங்க சோறு போடறதுக்கு ரெண்டு மணி ஆவும். நீ எந்தப் பக்கம் எடுக்கப் போற?”

“கார்னர்.”

“அய்ய, நானும் அதத்தான் நெனச்சுகினு வந்தேன். பரவால்ல, பக்கத்துல எடுத்துக்கறேன். எங்க ஊட்டுக்காரம்மா கீதே, ஒரு நாளைக்கு ஒரு தபாதான் மோட்டாரு போடும். நான் தலைக்கு ஊத்தினா வெளிய நின்னு எத்தினி சொம்புன்னு எண்ணும். சொந்தமா ஒரு குடிச போட்டாக்கூட நாள் பூரா குளிக்கலாம் பாரு.”

ஷிபாவுக்கு முதலில் அவள் மேல் இளக்காரம்தான் வந்தது. இலவச வேனையும் பிரியாணிப் பொட்டலத்தையும் நம்பி, கழுத்திலிருப்பதை அடகு வைக்கத் தயாராக வரும் ஜனம். இவர்கள் இருக்கிறவரைக்கும் துளசிங்கத்துக்கு மழையே வேண்டாம், தானாக விளையும். ஆனால் சாதம் நன்றாக இருந்தது. அதுதான் தொல்லை.

இடத்தில் ஷாமியானா போட்டிருந்தார்கள். துளசிங்கம் வெள்ளை வேட்டி சட்டையில், எம்.எல்.ஏ. சீட்டு கிடைக்காத ஆள் மாதிரி மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். பள்ளிக்கூடம் வரும் என்றார், மால் வரும் என்றார், நீச்சல் குளம் இருக்கும் இடத்தைக் கையால் காட்டினார். அந்த இடத்தில் ஓர் எருமை படுத்திருந்தது. எல்லோரும் திரும்பி அந்த எருமையை மரியாதையோடு பார்த்தார்கள்.

“எல்லாத்துக்கும் மேல, பாரிஸ் கார்டன்ல நல்ல குடும்பங்கள் மட்டும்தான். நம்ம பழக்கவழக்கத்துக்கு ஒத்து வர்ற குடும்பங்கள். யாரு வேணா வந்து பூந்துட முடியாது. உங்க பிள்ளைங்க கவலையில்லாம வெளையாடலாம்.”

கைதட்டினார்கள். யுவராணியும் தட்டினாள். இதில் தட்டுவதற்கு என்ன இருக்கிறது என்று அவளுக்கும் தெரிந்திருக்காது. எல்லோரும் தட்டினார்கள், தட்டினாள். பக்கத்தில் உதயகுமார் முழங்கையால் இடித்தான். “எழுந்திரு, உன் டேர்ன் இது” என்று முணுமுணுத்தான்.

ஷிபா எழுந்தாள். “கார்னர் மனை எனக்கு” என்றாள்.

“வாங்க பிரியா மேடம்! மொத புக்கிங்! மேடைக்கு வாங்க!”

மேடை ஏறி மைக்கை வாங்கினாள். நன்றி சொல்லப் போகிறாள் என்று துளசிங்கம் சிரித்துக்கொண்டே நகர்ந்து இடம் விட்டார்.

“என் பேரு பிரியா இல்ல, ஷிபா. என் புருஷன் பேரு ஜமீர். நான் இவரு ஆபீஸ்ல வேலை செய்யறேன். உங்கள எழுப்பி விடறதுக்காக என்னை இங்க உக்கார வச்சாரு. பரவால்ல, எழுந்தது எழுந்துட்டேன். சார், நெஜமாவே கேக்கறேன். கார்னர் மனைய என் பேர்ல எழுதிக் குடுங்க. அட்வான்ஸ் நாளைக்கே கட்டறேன்.”

இனி செருப்பு பறக்கும் என்றுதான் ஷிபா நினைத்தாள். ஆளை வைத்து ஏமாற்றினாயா என்று துளசிங்கத்தின் வேட்டியை உருவுவார்கள், வேன் காலியாகத் திரும்பும் என்று நினைத்தாள்.

முன்வரிசையில் கண்ணாடி போட்ட ஒருவர் எழுந்தார். ரிட்டயர்டு ஆள், கையில் நோட்டீஸை நாலாக மடித்து வைத்திருந்தார்.

“சார், ஒரு டவுட்டு” என்றார். “அப்போ பாய்ங்களுக்கும் இங்க குடுப்பீங்களா?”

அவ்வளவுதான். ஏமாற்றியது அவர் காதிலேயே விழவில்லை. அவருக்குப் பின்னாலிருந்தவர்கள் காதிலும் விழவில்லை. “அதச் சொல்லுங்க மொதல்ல” என்று நாலு குரல் கிளம்பியது.

துளசிங்கம் மைக்கைப் பிடுங்க வேண்டிய அவசியமே வரவில்லை. ஷிபாவின் கையிலிருந்து பூ வாங்குகிற மாதிரி வாங்கிக்கொண்டார்.

“இந்தப் பொண்ணு நம்ம ஸ்டாஃப்தான். சும்மா ஒரு டெமோ. இப்பிடி ஒருத்தர் வந்து கேட்டா நாம இன்னா சொல்லுவோம்னு உங்களுக்குக் காட்றதுக்காக. இன்னா சொல்லுவோம்? இல்லம்மா, சாரின்னு சொல்லுவோம். எழுதியே குடுக்கறேன், கேரண்டி.”

சிரித்தார்கள். நிம்மதியாகக் கைதட்டினார்கள். கண்ணாடிக்காரர்தான் முதலில் போய் மேசை முன்னால் நின்றார். அவருக்குப் பின்னால் வரிசை நீண்டது.

ஷிபா இறங்கி வாசலைப் பார்த்து நடந்தாள். ஒருத்தரும் தடுக்கவில்லை. வளைவுக்குக் கீழே யுவராணி மூச்சிரைக்க ஓடி வந்து பிடித்தாள்.

“யக்கா, என்னாண்டயே பொய் சொல்லிட்டியே.”

“ஆமா, சொன்னேன். இப்ப உண்மையச் சொல்றேன், கேளு. இந்த எடத்துக்கு இன்னும் அப்ரூவல் வரல. மழை பேஞ்சா இடுப்பளவு தண்ணி. துட்டக் குடுத்துட்டு வாழ்நாள் பூரா இவன் பின்னாலேயே அலையப் போற. ஊட்டுக்குப் போ.”

யுவராணி தரையைப் பார்த்தாள்.

“எந்த ஊட்டுக்குப் போவ சொல்றக்கா? அப்ரூவல் உள்ள எடத்துல நான் வெலை கேட்டா எய்ந்து போன்னு சொல்றான். இங்கதான் உக்கார வச்சு தண்ணி பாட்டில் குடுத்தான்.” கொஞ்சம் தயங்கினாள். பிறகு ஷிபாவின் முகத்தைப் பார்க்காமலே கேட்டாள். “ஏங்க்கா, அப்ப அந்தக் கார்னர் மனை காலியாத்தானே கீது?”

ஷிபாவுக்கு அவளை அறைய வேண்டும் போலிருந்தது. கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை.

“காலியாத்தான் கீது. ஓடு, கண்ணாடிக்காரரு எழுதிடப் போறாரு.”

யுவராணி ஓடினாள்.

ஒரு ஷேர் ஆட்டோ கிடைத்து ஸ்டேஷனுக்கு வந்து சேர வெகுநேரம் ஆனது. பிளாட்பாரத்தில் ஒரு கொய்யாக்காரம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது போன் அடித்தது. துளசிங்கம். திட்டப் போகிறார், அதையும் கேட்டுத் தொலைக்கலாம் என்று எடுத்தாள்.

“எங்கம்மா போயிட்ட? பிரியாணி வாங்காமயே போயிட்டியே!” குரலில் கல்யாண வீட்டுக் களை. “அடிச்சு தூள் கெளப்பிட்ட. அத்தன மனையும் வித்துப் போச்சு. இத்தினி வருஷத்துல இப்பிடி ஒரு ஞாயித்துக்கிழமைய நான் பார்த்ததில்ல. கேளு, அடுத்த வாரம் பாக்கம் கிராமத்தாண்ட சைட்டு. அங்கயும் அச்சு அசலா இதேதான். மொதல்ல பிரியா, அப்புறம் ஷிபா, அப்புறம் நான் வந்து சாரிம்மான்றேன். உன் கமிஷன டபுள் பண்ணிடறேன். இன்னா சொல்ற?”

பிறந்ததிலிருந்து இருபத்தேழு வருஷமாகச் சேர்ந்திருந்தது எல்லாம் ஷிபாவின் நாக்கின் நுனிக்கு வந்தது. போனை வாயருகே கொண்டுபோய், “த்தூ!” என்றாள்.

“ஹலோ? ஹலோ? சிக்னல் சரியா இல்லியே” என்றார் துளசிங்கம்.

கொய்யாக்காரம்மா கூடையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். “பார்த்தும்மா, பழத்து மேல பட்டுடப் போவுது.”

“மன்னிச்சுக்கோம்மா, உன்னைச் சொல்லல.”

“தெரியுது. ஊட்டுக்காரனா?”

“மொதலாளி.”

“அப்ப இன்னொரு தபா துப்பு” என்றாள் அந்த அம்மா.

ரயில் வந்தது. ஷிபா கூடையின் ஒரு பக்கத்தைப் பிடித்துத் தூக்கி உள்ளே வைத்துவிட்டு ஏறினாள். ஆவடியில் இறங்கி பூந்தமல்லி பஸ் பிடிக்க வேண்டும். இனி அந்த வேலைக்குப் போகப் போவதில்லை என்பதை ஜமீரிடம் எப்படித் தொடங்குவது என்று அதற்குள் யோசித்தாக வேண்டும்.