சுண்ணாம்பு படாத ரீஸ்லிங்

அந்த வருஷம் ஜெர்மனியின் மோசல் ஆற்றங்கரைக்காரர்களை வானம் வஞ்சித்துவிட்டது. மே மாதப் பனி திராட்சைத் துளிர்களைக் கருக்கியது. கோடை முழுக்க மழை. என் தோட்டத்தில் ஒன்றும் தேறவில்லை. பக்கத்துத் தோட்டத்து வால்புர்கா மட்டும் விடவில்லை. சிலேட்டுக்கல் சரிவில் மண்டியிட்டு, குலைகுலையாக அழுகலைக் கத்தரித்து எறிந்துவிட்டு நல்லதைக் கூடையில் சேர்த்தாள். நான்கு பீப்பாய் ரீஸ்லிங் வெள்ளை ஒயின் கிடைத்தது.

குளிர்காலத்தில் எனக்கு ஒரு கிளாஸ் ஊற்றினாள். பல் கூசியது. சதைப்பிடிப்பே இல்லை, எலும்பும் நரம்புமான ஒயின். ஆனால் விழுங்கி வெகுநேரமாகியும் ஈரக்கல்லின் ருசி நாக்கிலேயே நின்றது.

"முரட்டுப் பிள்ளை. நாலு வருஷம் விட்டா அடங்கிடும்" என்றாள் பெருமையாக.

பிப்ரவரியில் இடுப்பு வலிக்கு வைத்தியம் பார்க்க வெளியூர் போய்த் திரும்பினாள். நிலவறைக்குள் இறங்கியவள் போட்ட சத்தம் தெருவரை கேட்டது. நான் ஓடினேன். தோட்டத்தில் சரிபாதிக்காரனான அவள் தம்பி எகோன் சுவரோரம் நின்றிருந்தான்.

"என்னடா போட்ட இதுல?"

"சுண்ணாம்புத் தூள்க்கா. புளிப்பு குறையட்டும்னுதான். எல்லாரும் போடறதுதானே, சட்டத்துல இடமிருக்கு."

"சட்டம் இருக்கட்டும். என்னைக் கேட்டியாடா?"

"ஒயின் வாங்க வந்த வியாபாரி வாயில வச்சதும் மூஞ்சியச் சுளிச்சாரு. வெள்ளரிக்கா ஊறப்போடவான்னு கேட்டாரு. நான் என்ன பண்ண?"

"அவனை வெளிய அனுப்பியிருக்கணும்! மழையில மண்டிபோட்டவ நானு. நீ டிராக்டர்ல உக்காந்து சிகரெட் பிடிச்ச. அந்த வருஷம் எப்படி இருந்துச்சோ அப்படித்தான்டா ஒயினும் இருக்கும். அதுக்குப் பவுடர் பூசுறியா?"

"ஊருல உனக்கு மட்டும்தான் நாக்கு இருக்கு பாரு!"

மூன்று பீப்பாய்களில் சுண்ணாம்பு கலந்துவிட்டிருந்தது. நான்காவதை அன்றே குழாய் போட்டு என் நிலவறைக்கு இறைத்துவிட்டோம். காலிப் பீப்பாய்க்கு என்னிடம் பஞ்சமா என்ன?

கோடையில் ஒயின் திருவிழா. அக்காவும் தம்பியும் தனித்தனிக் கடை. "பதமா இருக்கே" என்று எகோனின் ஒயினைச் சுற்றுலாக்காரர்கள் மாலைக்குள் காலி செய்தார்கள். வால்புர்காவிடம் ஒரு ஆள், "சர்க்கரை இருக்குமாம்மா?" என்று கேட்டான்.

"அந்தக் கடைக்குப் போங்க. அங்க பல்லில்லாதவங்களுக்குத் தனியா ஊத்தறாங்க."

அவள் பீப்பாயில் பாதிகூடக் குறையவில்லை. பனியில் கொடிகளைப் பறிகொடுத்த லோதார் மட்டும் கடைசியாக வந்து குடித்தான். கண்ணை இறுக்கிக்கொண்டான்.

"படுபாவி, அப்படியே அந்த வருஷம்தான். இன்னொண்ணு ஊத்து."

கடையைக் கட்டும்போது எகோன் சிரித்தபடி வந்தான். "இப்பவாவது ஒத்துக்கறியாக்கா?"

"மேல் சரிவு எனக்கு, கீழ் சரிவு உனக்கு. நாளைக்கே கல்லு நட்டுடலாம்" என்றாள் அவள்.

கல் நட்டார்கள். அந்த அறுவடைக்கு அவளுக்குத் துணையாக நானும் லோதாரும் போனோம். கீழே எகோனின் டிராக்டர் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவள் கத்தரியை நிறுத்தி, அவனுக்குக் கேட்கும்படி திட்டினாள்.