இளமதியின் வலது கை

காலை ஐந்தரைக்கு எழுவோம். என் மனைவி இளமதிக்குப் பல் துலக்கிவிடுவேன். தலை வாரிவிடுவேன். இட்லியைப் பிட்டு ஊட்டுவேன். அவளுடைய வலது கையை எடுத்து மடியில் வைப்பேன். வைத்த இடத்தில் கிடக்கும். அவளுக்கு முப்பத்தொரு வயது. பக்கவாதத்தில் அந்தக் கையும் பேச்சும் போயிருந்தன. நாம் சொல்வது மட்டும் புரியும். ஏழு மணிக்குச் செம்மண்டலத்திலிருந்து கிளம்பிச் சிதம்பரம் பஸ்ஸைப் பிடிப்போம்.

ஆஸ்பத்திரியில் அவள் தலைக்கு மேல் ஒரு காந்தச் சுருளைப் பிடிப்பார்கள். ஊசி இல்லை, கத்தி இல்லை. டக்கென்று ஒரு சத்தம். செத்துக் கிடந்த கட்டைவிரல் துள்ளும். அவள் முகத்தில் ஓர் அசைவும் இருக்காது.

"பயப்படாதீங்க சார். தூங்குற மூளைய தட்டி எழுப்புறோம், அவ்ளோதான்" என்றார் பிசியோதெரபிஸ்ட் தேவசகாயம். "ஆனா கை வேல செஞ்சாத்தான் இது பலிக்கும். ஊட்டாதீங்க. சிந்துனா சிந்தட்டும். வீட்ட பெருக்க துடப்பம் இருக்குல்ல?"

நான் ஊட்டினேன். அவள் சோறு சிந்துவதைச் சொந்தக்காரர்கள் பார்க்கக் கூடாது என்று.

சிகிச்சை தொடங்கிய பத்தாம் நாள் மதியம், வீட்டில் அம்மா என்னைக் கூப்பிட்டாள். இளமதி கண்ணை மூடிக் கட்டிலில் கிடந்தாள். வலது கை மட்டும் ஊர்ந்துகொண்டிருந்தது. விரல்கள் விரிந்தன, மடங்கின. போர்வையின் ஓரத்தைத் தேடிப் பிடித்து இழுத்தன.

"இது அவ இல்லடா தம்பி. கரண்ட்ட வச்சி எதையோ உள்ள உட்டுட்டானுங்க."

"சும்மா இரும்மா."

"அப்ப நீ போயி தொடு, பாப்போம்."

நான் பி.எஸ்சி. இயற்பியல். காந்தப்புலம் பற்றித் தேர்வு எழுதியவன். தொடவில்லை.

மறுநாள் சிதம்பரம் போகவில்லை. மந்திரித்த கயிறு வாங்கினோம். கொடுத்தவர் இங்கிலீஷ் மாத்திரை ஆகாது என்றார். பிரஷர் மாத்திரையையும் நிறுத்தினேன். கையைக் கட்டில் சட்டத்தோடு சேர்த்துக் கட்டினோம். கட்டுக்குள்ளும் விரல்கள் அசைந்தன. தேவசகாயம் மூன்று முறை போன் செய்தார். எடுக்கவில்லை.

பதினாறாம் நாள் மறுபடியும் வாதம் வந்தது. சாயங்காலம் இறந்துபோனாள்.

துக்கம் விசாரிக்க வந்த தேவசகாயத்திடம் அம்மா அந்தக் கையைப் பற்றிச் சொன்னாள்.

"கண்ண மூடிக்கிட்டு, மனசுல நெனச்சி நெனச்சி வெரல அசைக்கணும்னு நாந்தாம்மா சொல்லிக் குடுத்தேன். சார் மருந்து வாங்க கியூவுல நின்னப்ப. பாவம், அந்தப் பொண்ணு உடாம பண்ணியிருக்கு."



இதைப் படிப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். சிகிச்சையைப் பார்த்துப் பயம் வந்தால், அந்தப் பயத்தை ஆஸ்பத்திரியிலேயே போய்ச் சொல்லிக் கேளுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். பேச முடியாதவரின் கை அசைந்தால், முதலில் அந்தக் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

கடைசி நாள் காலையில் கட்டை இறுக்கிக்கொண்டிருந்தேன். இளமதி கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். ஒரு சொல்லும் வராத வாய் திறந்தது. கேட்டதும் நான் கையை உதறிவிட்டுச் சுவரோரம் நகர்ந்துவிட்டேன்.

"மாமா... அது நாந்தான்."