தன்னைத் தொடாத ரப்பர்

எங்கள் ஸ்ரீகர் சாருக்கு இரண்டே நிறங்கள்தான் தெரியும். பச்சை நல்லது, சிவப்பு கெட்டது. பதினெட்டு வருஷ அனுபவத்தில் அவர் கற்றுக்கொண்டது அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டே ஹெப்பாளில் ஒரு ரப்பர் கம்பெனியின் டிசைன் பிரிவுக்குத் தலைவராகிவிட்டார்.

காரின் முன்சக்கர மூட்டுக்கு மேல் மாட்டுகிற ரப்பர் உறைதான் எங்கள் சரக்கு. ஆர்மோனியத் துருத்தி மாதிரி ஐந்து மடிப்பு இருக்கும். சக்கரம் நாற்பது டிகிரி திரும்பினால் ஒரு பக்கம் விரியும், மறுபக்கம் மடிப்புகள் ஒன்றையொன்று அழுத்தும். அழுத்துகிற அந்த இடத்தில்தான் முதலில் கிழியும். கிழிந்தால் கிரீஸ் வெளியே, மண் உள்ளே, மூட்டு காலி. அது எங்கே கிழியும் என்று உறையை வார்ப்பதற்கு முன்பே கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுச் சொல்வது என் வேலை. சேர்ந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. வேலை நிரந்தரமா இல்லையா என்று வெள்ளிக்கிழமை கடிதம் வரும். அம்மா பழனாத்தாள் எங்கள் ஊர் ஹனூரில் தெரு முழுக்கச் சொல்லி வைத்துவிட்டாள்.

ரப்பர் தன் உடம்பையே தொடலாம், ஆனால் தனக்குள் தானே புகக் கூடாது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் அது ஒவ்வோர் அடியிலும் எந்தப் புள்ளி எதைத் தொடுகிறது என்று தேடித் திணறும். என் கணக்கு ஒன்பது மணி நேரம் ஓடி, முப்பத்தொரு டிகிரியில் சிவப்பு காட்டிச் செத்தது. நான்கு நாளாக அதே கதை.

என்னோடு வேலைக்குச் சேர்ந்த ஸுமந்த் அந்தத் தொடுகைக் கணக்கையே அணைத்துவிட்டான். இருபது நிமிஷத்தில் நாற்பது டிகிரி, முழுக்கப் பச்சை. ஸ்ரீகர் சார் அவன் முதுகில் தட்டிய சத்தம் கேன்டீன்வரை கேட்டது. நான் படத்தைக் குறுக்கே வெட்டிப் பார்த்தேன். மூன்றாவது மடிப்பு இரண்டாவது மடிப்புக்குள் நான்கு மில்லிமீட்டர் புகுந்து நின்றது. இப்படிப்பட்ட ரப்பர் உலகத்தில் எந்த மரத்திலிருந்தும் வராது.

“யாக்கே டென்ஷன்? ரன் ஆய்த்தல்லா!” என்றான் ஸுமந்த் கன்னடத்தில். ஓடிவிட்டதே, அப்புறம் என்ன கவலை என்கிறான். ஓடினால் போதும், எங்கே போய் முட்டினால் என்ன!

கணக்குப் போட்டவர் தானே அதைச் சரிபார்க்கக் கூடாது என்பது எங்கள் ஆபீஸ் விதி. அருமையான விதி. அதனால் சார் என்னைக் கூப்பிட்டு ஸுமந்தின் அறிக்கையை நீட்டினார்.

“சார், மடிப்பு மடிப்புக்குள்ள பூந்திருக்குதுங்க. குறுக்க வெட்டிப் பாருங்க.”

“எதுக்கு வெட்டணும்? கஸ்டமர் என்ன வெட்டியா பாக்கப் போறார்? நீ நாலு நாளா முப்பத்தொண்ணுலயே நின்னுண்டிருக்கே. வெள்ளிக்கிழமை உன் லெட்டர்ல நான்தான் கையெழுத்துப் போடணும், ஞாபகம் இருக்கோன்னோ?”

இருந்தது. ‘சரிபார்த்தவர்: ஸ்வாதி’ என்று என் பெயரை அச்சடித்தே வைத்திருந்தார்கள். கையெழுத்துப் போட்டேன். போட்டுவிட்டு, கம்பெனி பஸ்ஸில் வீடு போகும்வரை அவர்கள் இரண்டு பேரையும் மனசுக்குள் கிழித்துத் தோரணம் கட்டினேன். வெள்ளிக்கிழமை வேலை நிரந்தரம் என்று கடிதம் வந்தது. அம்மா போனிலேயே அழுதாள்.

மூன்று வாரம் கழித்து மாதிரி உறைகளைச் சோதனை மெஷினில் மாட்டி நாற்பது டிகிரிக்குத் திருப்பித் திருப்பி ஓட்டினார்கள். மறுநாளே எட்டில் ஆறு கிழிந்தன. எல்லாம் இரண்டாவது, மூன்றாவது மடிப்புகள் உரசிய இடத்தில். கார் கம்பெனியிலிருந்து சம்யுக்தா என்ற இன்ஜினியர் வந்தார். கிழிந்த உறைகளை மேஜையில் வரிசையாக வைத்தார்.

“யார்ப்பா இதை செக் பண்ணினது?” என்று ஸ்ரீகர் சார் எங்களைப் பார்த்துக் கேட்டார். என்ன நடிப்பு! ஸுமந்த் தன் ஷூவை ஆராய்ந்துகொண்டிருந்தான்.

சம்யுக்தா அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் என் பெயரைப் படித்துவிட்டு நிமிர்ந்தார். “இவ்வளவு பெரிய தப்பு உங்க கண்ணுல படலையா?”

படவில்லை என்று சொன்னால் போதும். சின்னப் பெண், அனுபவம் போதாது என்று விட்டுவிடுவார்கள். அப்படியே சொல் என்பதுபோல் சார் தலையை லேசாக ஆட்டிக்கூடக் காட்டினார். அவரை மறுபடியும் மனசுக்குள் கிழித்திருக்கலாம். ஆனால் அந்தப் பக்கத்தில் இருந்தது அவர் பெயர் இல்லை.

“பட்டுதுங்க மேடம்,” என்றேன். “பாத்துப்போட்டுத்தான் கையெழுத்துப் போட்டனுங்க.”