கடைசி அரக்கன் வைத்த பத்திரிகை

உடையப்பன் ‘முத்துத் தீவு’ என்ற வீடியோ கேமில் கடைசி அரக்கனாக வேலை பார்த்தார். ஆட்டத்தின் மொத்த நீளம் நாலு மணி நேரம். வேலைக்கு எழுதிப்போடும்போதே சின்ன ஆட்டமாகப் பார்த்துக் கேட்டு வாங்கியிருந்தார். கீரனூரில் அவருக்கு ஒரே தங்கை. நல்லது கெட்டதுக்குப் போய் நிற்க வேண்டும் அல்லவா. அவருடன் பயிற்சி எடுத்த ஒருவர் பெருமைக்கு ஆசைப்பட்டு எண்பது மணி நேர ஆட்டத்துக்குப் போனார். அங்கே முன்கதை சொல்லி முடிக்கவே ஒரு வாரம் ஆகும். கடைசி அரக்கன் மூன்று தடவை உருமாற வேண்டும். அந்த மனிதர் பொங்கலுக்கு வீட்டுக்கு வந்தே பல வருஷம் ஆகிறது.

முத்துத் தீவில் அந்தத் தொல்லையெல்லாம் கிடையாது. பெரிய தலையும் குட்டைக் காலுமாக ஒரு வீரன் இருப்பான். முதல் வயலில் பச்சை ஜெல்லி ஒன்று குதித்து வரும். அதன் பெயர் சிங்காரம். வீரன் அதை இரண்டு வெட்டு வெட்டிவிட்டுப் புல்லை அறுத்துக்கொண்டே ஊருக்குள் போவான். ஊரில் ஒரு பெண் கூரைமேல் உட்கார்ந்திருப்பாள். “என் கோழி கூரையில ஏறிடுச்சு. அது இறங்கினா நானும் இறங்குவேன்” என்பாள். அவ்வளவுதான் அவள் வேலை. அப்புறம் இரண்டு குகை, ஒரு படகு, அடித்தால் மாம்பழம் கொட்டும் சில மரங்கள், கடைசி அறை. எட்டே சுரத்தில் ஒரு பாட்டு சலிக்காமல் சுற்றிச் சுற்றி வரும். யாரும் யாரையும் ரொம்ப நேரம் காக்க வைக்க மாட்டார்கள். இப்படி அளவாக ஒரு உலகத்தைச் செய்தவன் எவனோ, அவன் நல்ல சாப்பாட்டுக்காரனாக இருந்திருப்பான் என்று உடையப்பன் நினைப்பதுண்டு. பசி தீரும்போது எழுந்துவிடத் தெரிந்தவன்.

விடுப்பு விதி எளிமையானது. கடைசி அரக்கன் தோற்றால் ஆட்டம் முடிந்தது. அடுத்து யாராவது ஸ்டார்ட் பட்டனை அழுத்தும்வரை எல்லாரும் வீட்டுக்குப் போகலாம். கேசட் ஒரு சைக்கிள் கடைக்காரரிடம் இருந்தவரை ஒரு குறையும் இல்லை. அவர் தினமும் மதியம் கடையைச் சாத்திவிட்டு உட்கார்ந்தால் ஐந்து மணிக்குள் உடையப்பனை வீழ்த்திவிடுவார். உடையப்பன் எழுந்து தூசியைத் தட்டிக்கொண்டு ஐந்து இருபது பஸ்ஸைப் பிடிப்பார்.

பிறகு கேசட் தஞ்சாவூரில் மரகதம் என்பவரிடம் போனது. அவர் வில்லங்கச் சான்றிதழ் எழுதும் வேலையில் இருந்தார், தனி ஆள். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணிக்கு கேசட்டை ஒரு ஊது ஊதிச் செருகி விளையாடுவார். ஐந்தே முக்காலுக்குக் கடைசி அறையின் கதவுக்கு வந்துவிடுவார். கதவுக்கு அந்தப் பக்கம் வீரனின் காலடி நிற்பது உடையப்பனுக்குக் கேட்கும். அவர் கோடாலியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு தயாராவார். மரகதம் சுவிட்சை அணைத்துவிடுவார். அடுத்த ஞாயிறு மறுபடியும் முதல் வயல். இப்படியே ஒன்பது வருஷம் ஓடிவிட்டது.

உடையப்பனுக்கு அவர்மேல் கோபம் இல்லை. கோழிக்காரி பேசும் இடத்தில் மரகதம் ஒவ்வொரு வாரமும் புதிதாகக் கேட்பதுபோலச் சிரிப்பார். அந்தச் சிரிப்பு இரண்டு குகையைத் தாண்டிக் கடைசி அறைவரை வரும். அப்படிச் சிரிக்கிறவரிடம் எப்படிக் கோபித்துக்கொள்வது.

ஆனால் சித்திரைக் கடைசியில் தங்கை சௌந்தரத்திடமிருந்து கடிதம் வந்தது. அவருக்கு வரும் கடிதமெல்லாம் மரகதம் வீட்டு விலாசத்துக்குத்தான் வரும். மரகதம் பிரித்துப் பார்க்காமல் கேசட் செருகும் இடுக்கில் தள்ளிவிடுவார். அடுத்தவர் கடிதத்தைப் படிப்பது அவருக்குப் பிடிக்காது. மகள் வெண்பாவுக்குப் பத்து வயது நிரம்பிவிட்டது, இன்னும் காது குத்தவில்லை, பள்ளிக்கூடத்தில் கேலி செய்கிறார்கள் என்று சௌந்தரம் எழுதியிருந்தாள். ஒரு வயதில் குத்தியிருக்க வேண்டியது. தாய்மாமன் மடி இல்லாமல் எப்படிக் குத்துவது என்று அவள் ஒன்பது வருஷமாகத் தள்ளிப்போட்டு வந்திருந்தாள். இப்போது வைகாசி பதினாலு, திங்கட்கிழமை, அய்யனார் கோயிலில் நாள் குறித்தாகிவிட்டது. அண்ணனுக்கு வர முடியாவிட்டால் சித்தப்பா மகன் முத்துக்கருப்பன் மடி கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறான். எல்லா மடியும் மடிதானே என்கிறான்.

அந்தக் கடைசி வரி உடையப்பனைக் குடைந்துவிட்டது. கோடாலியைச் சுவரில் சாய்த்துவிட்டு வெகுநேரம் தன் மடியையே பார்த்துக்கொண்டிருந்தார். அகலமான மடி. ஒரு பிள்ளை தாராளமாக உட்காரலாம்.

வேலை நேரத்தில் கடைசி அரக்கன் வெளியே வரத் தடை இல்லை. ஜாய்ஸ்டிக் வயர் எவ்வளவு நீளமோ அவ்வளவு தூரம் வரலாம். மரகதம் வீட்டு வயர் சோபாவரை எட்டியது. அடுத்த ஞாயிறு அவர் கதவுக்கு வந்து நின்றதும், உடையப்பன் கொம்பைத் துடைத்துக்கொண்டு டிவியிலிருந்து இறங்கிப் போய் சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்தார். மரகதம் வாங்க என்று சொல்லிக் காபி கொண்டுவந்து கொடுத்தார்.

வந்த காரியத்தை எடுத்த எடுப்பிலேயே சொன்னால் நன்றாக இருக்காது. முறை என்று ஒன்று இருக்கிறது. வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், குங்குமச் சிமிழ் எல்லாம் வைத்த தட்டில் பத்திரிகையையும் வைத்து, எழுந்து நின்று இரண்டு கையாலும் நீட்டினார். தங்கை மகளுக்குக் காதுகுத்து, அவசியம் வந்து நடத்திக் கொடுக்க வேண்டும் என்றார். மரகதம் குங்குமம் எடுத்து இட்டுக்கொண்டு பத்திரிகையை வாங்கிக்கொண்டார். அதன் பிறகுதான் உடையப்பன், கதவைத் திறந்து வந்து என்னை வெட்டிவிட்டால் ஊருக்குப் போக வசதியாக இருக்கும் என்று மென்று விழுங்கிச் சொன்னார்.

மரகதம் பத்திரிகையின் மஞ்சள் பூசிய மூலையைத் தடவிக்கொண்டிருந்தார்.

“ஆட்டம் முடிஞ்சா ஞாயித்துக்கிழமை முடிஞ்சு போயிடும் அண்ணே. அடுத்தது திங்கட்கிழமை. அதான் கதவுகிட்ட நிறுத்திடுவேன்” என்றார். கொஞ்சம் கழித்து, “இருந்தாலும் நீங்க முதல்லயே கேட்டிருந்தா மாட்டேன்னு சொல்லியிருக்க மாட்டேன். ஆனா இப்ப பத்திரிகை வச்சுட்டீங்களே. வச்சவரை எப்படி வெட்டுறது?”

உடையப்பனுக்கு அப்போதுதான் உறைத்தது. முதலில் வெட்டச் சொல்லிவிட்டுப் பிறகு பத்திரிகையை நீட்டியிருக்க வேண்டும். தட்டைத் திருப்பிக் கேட்பதும் அழகல்ல. காபி நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டு டிவிக்குள் ஏறிப் போனார்.

வைத்த பத்திரிகையை வைத்தபடியே விட முடியாது என்று அந்த வாரம் தீவிலும் எல்லாருக்கும் வைத்தார். குகை வௌவால்கள், படகுக்காரர், கல்லெறியும் குரங்குகள், கூரைமேல் ஏறிக் கோழிக்காரி, அவள் கோழி. கை வலிக்கக் குங்குமச் சிமிழைச் சுமந்தார். இவர்களில் யாராவது வெட்டுவார்களா என்று கேட்டுப் பார்த்தார். வைத்தவரை எப்படி வெட்டுவது என்று ஒருவர் பாக்கியில்லாமல் அதையே சொன்னார்கள். ஞாயிறு வந்துவிட்டது. மறுநாள் காதுகுத்து.

அன்று மரகதம் விளையாடிய விதமே வேறாக இருந்தது. ஒரே விசேஷத்துக்குப் போகப்போகிறவர்களை அடிக்க அவருக்குக் கை வரவில்லை. வாளை உறையில் போட்டுக்கொண்டு, வௌவால்களை நலம் விசாரித்தபடி நேராக நடந்து வந்தார். கதவுக்கு வந்தவர் ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக அதைத் திறந்தார். மன்னிப்புக் கேட்கத்தான் வந்திருக்கிறார் என்று வீரன் நின்ற நிலையிலேயே தெரிந்தது.

வீரனுக்குப் பின்னால் சிங்காரம் நின்றிருந்தது. முதல் வயலில் வெட்டுப்படாததால் அதுவும் கூடவே வந்துவிட்டது. வழியெல்லாம் எல்லாரும் புதுத்துணி மடித்து வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறது. எதற்கு என்று படகுக்காரரைக் கேட்டிருக்கிறது. அவரும் சொல்லித் தொலைத்திருக்கிறார்.

உடையப்பனுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. முதல் வயல் கடைசி அறையிலிருந்து வெகுதூரம். சிமிழோடு கோழிக்காரி வீடுவரை போனவர் அங்கேயே திரும்பிவிட்டார். பதினேழு வருஷம் கூட வேலை பார்த்த மனிதரை, அதாவது ஜெல்லியை, மறந்தே போனார்.

“கோழிக்கு வச்சீங்க” என்றது சிங்காரம். “எனக்கு வைக்கல.”

சொல்லிவிட்டுக் குதித்து அவர் மார்பில் மோதியது. உடையப்பனின் தலைக்குமேல் இருந்த எட்டு இதயங்களில் அரை இதயம் குறைந்தது.

அறையில் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் விஷயம் புரிந்தது. பத்திரிகை வைக்கப்படாத ஒரே ஆள் சிங்காரம். அது அடிக்கலாம். உடையப்பனுக்கு மனசுக்குள் சந்தோஷம். ஆனால் கடைசி அரக்கன் சும்மா நின்று தோற்கக் கூடாது என்பது விதி. மரியாதைக்கு இரண்டு நெருப்புருண்டை வீசினார். ஒன்று சிங்காரத்தின் மேல் பட்டு, அது கால்வாசியாகச் சுருங்கியது. மரகதம் வீரனின் பையிலிருந்து மாம்பழம் எடுத்துக் கொடுத்தார். சிங்காரம் பழத்தை முழுங்கிவிட்டு மறுபடியும் குதித்தது. ஏழு இதயம், நாலு, மூன்று. ஒவ்வொரு மோதலுக்கும் அதற்கு வருத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே வந்ததையும் உடையப்பன் கவனித்தார்.

கடைசி அரை இதயம் இருந்தபோது மணி ஐந்து ஐம்பது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மரகதத்தின் கை சுவிட்சை நோக்கிப் போவதை உடையப்பன் பார்த்தார். பழகிய கை, ஒன்பது வருஷமாக அந்த நேரத்துக்கு அங்கேதான் போகும். வெண்பாவின் வெறும் காது அவர் கண்ணுக்கு முன்னால் வந்தது. பிடித்திழுக்க அவருக்கு வயர் போதாது. ஒரு முட்டியை ஊன்றியபடி மெதுவாகச் சொன்னார்.

“நாளைக்குத் திங்கட்கிழமைதாம்மா. ஆனா மத்தியானச் சாப்பாடு நம்ம வீட்டுல.”

கை சுவிட்சின் மேலேயே கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு இறங்கி மரகதத்தின் மடிக்குப் போனது. சிங்காரம் கடைசியாக ஒரு குதி குதித்தது.

உடையப்பன் முறைப்படி விழுந்தார். பாட்டு மாறியது. ஒன்பது வருஷமாக யாரும் கேட்காத அந்தக் கடைசிப் பாட்டு நடுவில் ஒரு இடத்தில் தடுமாறி, பிறகு சரியாக வந்துவிட்டது. தீவுக்காரர்கள் வரிசையாக நின்று கையசைத்தார்கள். கோழி கூரையிலிருந்து இறங்கியது. கோழிக்காரியும் இறங்கினாள். மரகதம் அதைப் பார்த்து அழுதார், சிரிக்கவும் செய்தார். பிறகு மேஜையில் உட்கார்ந்து ஒரு நாள் விடுப்புக் கடிதம் எழுதினார்.

உடையப்பன் எழுந்த உடனே சிங்காரத்தின் முன்னால் தட்டை நீட்டி, தப்பு என் பேரில்தான் என்றார். சிங்காரம் பத்திரிகையை வாங்கித் தன் உடம்புக்குள்ளேயே பத்திரப்படுத்திக்கொண்டது. பச்சைக்குள் மஞ்சள் மூலை தெரிந்தது. எல்லாருமாகக் கீரனூர் பஸ்ஸுக்குக் கிளம்பினார்கள்.

மறுநாள் அய்யனார் கோயிலில் உடையப்பன் கொம்பு தெரியாமல் தலைப்பாகை கட்டிக் கிழக்கே பார்த்து உட்கார்ந்தார். வெண்பாவுக்குப் பத்து வயது என்பதால் கால் தரையில் இடித்தது. இருந்தாலும் மடியில் உட்கார்ந்தாள். ஆசாரி குத்தும்போது மாமன் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். உடையப்பனுக்கு அரை இதயம் குறைந்தது. சௌந்தரம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். முத்துக்கருப்பன் பந்தியில் இலை போட்டுக்கொண்டிருந்தான்.

ஆசாரி ஊசியைத் துடைத்து வைக்கப்போகும்போது சிங்காரம் பாய்க்கு வந்தது. தனக்கும் குத்த வேண்டும் என்றது. ஆசாரி காது எங்கே என்று கேட்டார். சிங்காரம் கொஞ்சம் யோசித்து, இந்தப் பக்கம் இருக்கட்டும் என்று ஓர் இடத்தைக் காட்டியது. ஆசாரி அங்கே மஞ்சள் வைத்துவிட்டு, தாய்மாமன் யார், வரச்சொல்லுங்கள் என்றார்.

மரகதம் கைப்பையை வெண்பாவிடம் கொடுத்துவிட்டு வந்து பாயில் உட்கார்ந்தார். புடவையைச் சரிசெய்து மடியை அகலமாக்கினார். சிங்காரம் ஏறி அமர்ந்தது.

“வலிக்குமா?” என்று கேட்டது.

“நான் வெட்டுறதைவிடக் கம்மியாத்தான் இருக்கும்” என்று சொல்லி, மரகதம் அதன் தலையைத் தோளோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். ஆசாரி ஊசியை எடுத்தார்.